ஐந்தாவது நிர்வாக உறுப்பினர்

கயலுக்குக் கோபம் வருவது அவளை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஈரோட்டில் பொறியியல் படித்தபோது, "பொம்பளப் பிள்ளைக்கு லேத் எதுக்கும்மா" என்று கேட்ட பணிமனை ஆசிரியரில் தொடங்கி, இங்கே டென்மார்க்கின் ஸ்கீவ நகரத் தொழிற்சாலையில் அவள் வரைந்த வால்வு வரைபடத்தைத் தன்னுடையதாகக் காட்டிய சக ஊழியர் வரைக்கும், பலரிடம் கோபப்பட்டிருக்கிறாள்; கோபப்பட்ட கையோடு வேலையையும் முடித்திருக்கிறாள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், தொழிற்சாலை உணவறையில் கறுப்பு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கைபேசியில் வந்த அரசுக் கடிதத்தைப் படித்தபோது, யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. நிரந்தர வதிவிடம் கேட்டு நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள். தமிழ்ச் சங்கமொன்றின் நிர்வாகத்தில் மூன்று வருடம் பணியாற்றியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்த கூட்ட அறிக்கைகள் மூன்றிலும் நிர்வாக உறுப்பினராகக் குறிக்கப்பட்டிருப்பவர் உங்கள் கணவர். ஆகவே விண்ணப்பத்தை மறுக்க எண்ணியுள்ளோம். கருத்து ஏதும் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.

கயல் ரொட்டியைக் கீழே வைத்தாள். சங்கத்தில் தந்ததைப் பிரித்துப் பார்க்காமலே அனுப்பியிருந்த இணைப்பை இப்போதுதான் திறந்து பார்த்தாள். தலைவர், செயலாளர், பொருளாளர், நான்காவதாக ஒருவர். ஐந்தாவது நிர்வாக உறுப்பினர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பு: கிரி பொன்னுசாமி. அடுத்த வருடமும் கிரி பொன்னுசாமி. அதற்கடுத்த வருடமும் அவன்தான்.

அந்த மூன்று வருடத்தில் கிரி பொன்னுசாமி சனிக்கிழமை பதினொரு மணிக்கு முன்னால் போர்வையை விட்டு வெளியே வந்ததில்லை.

அவள் டென்மார்க்குக் குடும்பத்தோடு வந்து நாலேமுக்கால் வருடம் ஆகிறது. வேலை அனுமதி அவள் பெயரில். கணவன் கிரிக்கும் ஏழு வயது மகள் சாரங்கிக்கும் அனுமதி அவள் வழியாக. அவளுடைய அனுமதியோ அந்த ஒரு தொழிற்சாலையோடு கட்டிப் போட்டது. வேலை போனால் இன்னொன்றைத் தேட ஆறு மாதம். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நிரந்தர வதிவிடத்துக்கு எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். நான்கு கூடுதல் நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் நான்கே வருடம் போதும். கயல் அந்த நான்கையும் ஒவ்வொன்றாக முடித்தாள். மொழிப் பரீட்சையில் கடைசிப் படியைத் தாண்டினாள். முழுநேர வேலை, அதற்கான வருமானம், இரண்டும் இருந்தன. நான்காவது, சமூகப் பங்கேற்பு. அதற்கு ஒரு பரீட்சை எழுதலாம். அல்லது ஒரு சங்கத்தின் நிர்வாகத்தில் குறைந்தது ஒரு வருடம் உழைத்திருக்க வேண்டும். பரீட்சை வருடத்துக்கு இரண்டே தடவை, கோடையில் ஒன்று, நவம்பரில் ஒன்று. மூன்று வருடம் உழைத்தவள் பரீட்சைக்கு ஏன் போக வேண்டும்? போகவில்லை.

இதற்கிடையில் வடிவமைப்புப் பிரிவைப் போலந்துக்கு மாற்றுவதென்று தொழிற்சாலை முடிவு செய்துவிட்டது. கயலின் கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று. வதிவிடத் தீர்ப்பு வரும் நாளில் விண்ணப்பித்தவர் வேலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது செப்டம்பர். நவம்பர்ப் பரீட்சை அவளுக்கு உதவாது. இந்த மறுப்பை இப்போதே உடைத்தால்தான் உண்டு.

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்து, சங்கத் தலைவர் குணசேகரம் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

குணசேகரம் எண்பத்தாறில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாகச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். டேனிஷில் அலுவலகக் கடிதம் எழுத அந்த வட்டாரத் தமிழரில் தனக்கு நிகர் ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். கூட்ட அறிக்கைகளை எழுதுவதும் அவர்தான். செயலாளரிடம் கையெழுத்து மட்டும் வாங்குவார்.

"வா பிள்ளை, வா. என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

கயல் கைபேசியை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஓம், கிரியின்ர பேர்தான் போட்டிருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? அங்கிள், கமிட்டியில இருந்தது நான்தானே?"

"நீதான். ஆர் இல்லையெண்டது? உனக்குச் சான்றிதழ் உன்ர பேரிலதானே தந்தனான்."

"அப்புறம் அறிக்கையில ஏன் அவர் பேரு?"

குணசேகரத்துக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மழை ஏன் மேலிருந்து பெய்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்கட சங்கத்தில குடும்பத்துக்கு ஒரு பேர் பிள்ளை. குடும்பத் தலைவற்ற பேர். தொடக்கத்திலயிருந்து அதுதான் வழமை. உன்னைக் குறைக்கிறதுக்கில்லை. புருசன் இருக்கேக்க ஒரு பெம்பிளையின்ர பேரைத் தனியப் போட்டா சனம் என்ன கதைக்கும்? ஒரு மரியாதைக்குச் செய்தது."

"ஹாலுக்கு முனிசிபாலிட்டியில எழுதிப் போட்டு சாவி வாங்கினது நான். பதினாலு பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது நான். கூட்டத்துல வந்து உட்கார்ந்து உங்களோட சண்டை போட்டது நான். மரியாதை மட்டும் அவருக்கா?"

சமையலறையிலிருந்து அவருடைய மனைவி சுசீலாதேவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உவருக்கு உது விளங்காது பிள்ளை. முப்பது வருசமா விழாவுக்கு வடை சுடுறது நான். நோட்டீசில 'குணசேகரம் குடும்பம்' எண்டுதான் போடுவார். எண்ணெய் தெறிச்சது குடும்பத்துக்கோ?"

"நீர் சும்மா இரும்," என்றார் குணசேகரம். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய உபகாரம் செய்கிறவரைப் போல, "ஒண்டுக்கும் பயப்பிடாதை. பத்து நிமிச வேலை. பேரை மாத்தி, பழைய திகதியோட மூண்டையும் திரும்ப அடிச்சுத் தாறன். முந்தி அனுப்பினது பிழையான பிரதி எண்டு எழுதிவிடு."

 முதலில் அவள் உழைப்பை எடுத்து அவள் கணவன் பெயரில் எழுதினார். இப்போது அவளைப் பொய்க் காகிதம் கொடுத்தவளாகவும் ஆக்கப் பார்க்கிறார். அதையும் அன்பாகவே செய்கிறார்.

"அவங்க கையில ஏற்கனவே ஒரு பிரதி இருக்கு அங்கிள். முனிசிபாலிட்டிக்கும் வருஷா வருஷம் நீங்க அனுப்பியிருக்கீங்க. கண்டுபிடிச்சா நிரந்தரம் கிடைக்காததோட போகாது. இருக்கிறதும் போயிடும்."

"உதையெல்லாம் உவங்கள் பாக்கமாட்டாங்கள்."

"பார்த்துத்தானே லெட்டர் போட்டிருக்காங்க!"

 உண்மையை எழுதித் தாருங்கள் என்று கயல் கேட்டாள். அறிக்கையில் இருக்கும் பெயர் தவறு, பொறுப்பில் இருந்தது நான், அவ்வளவுதான் என்றாள். தனியாக முடிவெடுக்க ஏலாது, சனிக்கிழமை கமிட்டியில் கதைப்போம் என்று குணசேகரம் சொல்லிவிட்டார்.

வீட்டில் கிரி தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தான். மென்பொருள் சோதிக்கும் வேலை அவனுக்கு. விபோர் நகருக்கு வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போய்வருவான். நல்லவன், நன்றாகச் சமைப்பான், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டான். ஊரில் எல்லோரும் கயலை விட அவனைத்தான் விரும்பினார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு மிக்ஸியை நிறுத்தினான்.

"டென்ஷன் ஆகாத கயல். நவம்பர்ல எக்ஸாம் எழுதிடு. நீ எழுதினா பாஸ்தான்."

"அக்டோபரோட எனக்கு வேலை இல்ல. நவம்பர்ல பாஸ் பண்ணி செவுத்துல மாட்டவா?"

"சரி, வேற வேலை தேடு. ஓகூஸ்ல எவ்வளவு கம்பெனி இருக்கு."

"தேடிட்டுத்தான் இருக்கேன். தேடுற எல்லாரும் மொத கேள்வியே பர்மிட் எப்படின்னுதான் கேக்குறாங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ ஒரு லெட்டர் எழுதிக் கொடு. நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்ல, அறிக்கையில என் பேர் தப்பா வந்திருக்குன்னு."

கிரி மிக்ஸி ஜாரைக் கழற்றினான். சட்னியைக் கிண்ணத்தில் ஊற்றினான். ஊற்றி முடித்தும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தப் பார்வை போதும்.

"உனக்குத் தெரியும்," என்றாள் கயல்.

"போன வருஷம் ஒரு மெயில் வந்துச்சு. கமிட்டி மெம்பர்ஸ்னு லிஸ்ட். அதுல என் பேர் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன், நானும் ஒரு நாள் அப்ளை பண்ணணும்ல. உனக்கு சர்டிபிகேட்ல பேர் இருக்கும், எனக்கு லிஸ்ட்ல பேர் இருக்கும். ரெண்டு பேருக்கும் ஆகட்டுமேன்னு..."

"மூணு வருஷம். சனிக்கிழமை காலையில நான் பனியில கெளம்பும்போது போர்வைய இழுத்து மூடிட்டுத் தூங்கின. அந்தத் தூக்கத்துக்கு உனக்கு நிரந்தர வதிவிடம் தரணுமா?"

"கத்தாத. குழந்தை இருக்கா."

"நை, நை," என்றாள் சாரங்கி, டேனிஷில் இல்லை, இல்லை என்று, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அப்பா சொன்னதற்கு மறுப்பா, சண்டையே வேண்டாம் என்றா, தெரியவில்லை.

அன்றிரவு தோசை யாருக்கும் இறங்கவில்லை. மறுநாள் ஆஸ்திரேலியாவிலிருந்து கல்லூரித் தோழி ரத்னா பேசினாள். அவள் அங்கே ஐந்து வருட விசாவில் இருக்கிறாள். பெரிய நகரங்களை விட்டு விலகி, அரசு சொன்ன பிரதேசத்தில் மூன்று வருடம் வாழ்ந்து காட்டினால் நிரந்தரம். "இங்க மனுஷங்களை விட ஆடு ஜாஸ்திடி. கல்யாணத்துக்குக் கூட சிட்னி போயிட்டு ஓடி வந்துடறேன்" என்று சிரித்தாள். கயலுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நாட்டிலும் இதே கதை. வா, உன் மூளை வேண்டும் என்பார்கள். வந்த பிறகு, நீ உண்மையிலேயே இங்கே இருக்கிறாயா என்று காகிதம் கேட்பார்கள். ஸ்கீவவில் அவள் பொருத்திய வால்வுகள் இருக்கின்றன, அவளிடம் எழுத்துப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வாரா வாரம் ஹால் சாவியை நூலகத்தில் வாங்கிய பதிவேட்டில் நூற்றிருபது இடத்தில் அவள் கையெழுத்து இருக்கிறது. இத்தனை இருந்தும் ஓர் ஆண் வருடத்துக்கொரு மாலையில் தட்டச்சு செய்த மூன்று தாள்கள்தான் அவளை விட அதிகமாக இருந்தன.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கமிட்டி கூடியது. பள்ளிக்கூடத்துச் சின்ன மேசைகளைச் சுற்றி முழங்கால் இடிக்க நான்கு ஆண்களும் கயலும் உட்கார்ந்தார்கள். பெற்றோர்கள் தேநீர்க் கோப்பைகளோடு சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகள் நடுவே ஓடினார்கள்.

பொருளாளர் கிறிஸ்துநாயகம்தான் முதலில் எதிர்த்தார். "எங்கட பெம்பிளையளின்ர பேரை நாங்கள் எழுதிறேல்லை எண்டு டேனிஷ்காரனுக்கு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ? இப்பவே எங்களைப் பற்றி என்னென்ன கதைக்கிறாங்கள். நாளைக்குப் பேப்பரில வரும். ஹோலையும் பறிப்பாங்கள். ஒரு ஆளுக்காக முழுச் சனத்தையும் தலைகுனிய வைக்க ஏலாது."

அந்தப் பேச்சில் பயம் இருந்தது; அந்தப் பயம் பொய்யில்லை என்பது கயலுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

"பேப்பர்ல வர்றதுக்கு வெக்கப்படுறீங்க அங்கிள். செஞ்சதுக்கு வெக்கப்படல."

"வாய் கொஞ்சம் கூடத்தான் இந்தப் பிள்ளைக்கு," என்றார் கிறிஸ்துநாயகம், மற்றவர்களைப் பார்த்து.

"வாய் கூடினபடியாத்தானே உங்கட பேரனுக்கு அ, ஆ தெரியும்," என்றார் சுவரோரம் நின்ற சுசீலாதேவி. யாரோ சிரித்தார்கள். கிறிஸ்துநாயகமும் சிரிக்க வேண்டியதாயிற்று.

பேச்சு ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. கடிதம் எழுதலாம், ஆனால் பொதுவாக எழுதலாம் என்றார் ஒருவர். வருத்தம் தெரிவிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்றார் இன்னொருவர். சுசீலாதேவிக்குப் பொறுமை போய்விட்டது. கோப்பையை வைத்துவிட்டுப் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளையள், இஞ்ச வாங்கோ. எனக்கு டேனிஷ் எழுத வராது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ. மூண்டு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினது கயல். கிரி நடத்தேல்லை. அவ்வளவுதான்."

ஐந்தாம் வகுப்புத் துவாரகா பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஹ்வெம் எர் கிரி?" என்று கேட்டாள். கிரி என்பது யாராம்.

 மூன்று வருடம் அந்தப் பள்ளிக்குப் பொறுப்பாக இருந்தவரை அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. அடுத்திருந்த பையனுக்கும் தெரியவில்லை. குணசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தா அந்தப் பேனையை. பிள்ளையளின்ர எழுத்தை அலுவலகத்துக்கு அனுப்பேலாது. நான் எழுதிறன்," என்றார்.

எழுதுவதும் எளிதாக முடியவில்லை. "எங்கள் வழமையின்படி குடும்பத் தலைவரின் பெயர் குறிக்கப்பட்டது" என்று எழுதி நிறுத்தினார். தவறு என்றும் எழுதுங்கள் என்றாள் கயல். வழமை எப்படித் தவறாகும் என்று அவர் கேட்டார். தவறில்லை என்றால் நான் எதற்காக நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அவள் கேட்டாள். கடைசியில் அவர் எழுதினார்: இது எங்கள் வழமை, இந்த வழமை தவறு. எழுதிய பிறகு பேனாவை மேசையில் சற்று ஓங்கியே வைத்தார். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். கிறிஸ்துநாயகம் போட்ட கையெழுத்து மட்டும் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறியது.

மீதியிருந்தது, எந்தக் கூட்டத்துக்கும் தான் போனதில்லை என்று சொல்லும் தாளில் கிரியின் கையெழுத்து. அந்த வாரம் முழுதும் போனது, அடுத்த திங்களும் போனது. அவன் மறுக்கவில்லை, போடவும் இல்லை. செவ்வாய்க்கிழமை, கெடு இன்றோடு முடிகிறது என்று கயல் நாட்காட்டியைப் பார்த்து எண்ணிச் சொன்னாள். அவன் சோபாவில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். அவள் தாளை விசைப்பலகையின் மேலேயே வைத்தாள்.

"இதுல போட்டா நான் ஜீரோல இருந்து ஆரம்பிக்கணும்," என்றான்.

"ஜீரோலதான் இருக்க கிரி. அறிக்கை மட்டும்தான் வேற மாதிரி சொல்லுது."

"உனக்குக் கெடச்சா நமக்கு எல்லாருக்கும் கெடச்ச மாதிரிதானேன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா என் பேர்ல ஒண்ணும் இருக்காதுல்ல." அவன் குரலில் முதல் தடவையாக ஒரு கசப்பு. "இங்க வந்ததுல இருந்து எல்லாப் பேப்பர்லயும் நான் உன்னோட கூட வந்தவன். அந்த ஒரு லிஸ்ட்லதான் என் பேர் தனியா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு, அதான்."

கயலுக்கு அது உறைத்தது. உறைத்தாலும் கோபம் தணியவில்லை. "ஒருத்தரோட கூட வந்தவன்னு எழுதினா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் பேரை விட்டுட்ட. அதத்தான் என்னால ஜீரணிக்க முடியல. போடு."

போட்டான். பதினான்காம் நாள் மாலை ஐந்தே காலுக்குக் கடிதம், நூலகப் பதிவேட்டுப் பிரதி, முனிசிபாலிட்டிக்கு அவள் அனுப்பிய அறுபத்தெட்டு மின்னஞ்சல்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

பதில் அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. நிரந்தர வதிவிட அனுமதி வழங்கப்படுகிறது. ஒரே வாக்கியம். முன்னால் எழுதியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மாதத்தில் அவள் இழந்த நான்கு கிலோ எடையைப் பற்றியும் இல்லை. கயல் உணவறையிலேயே அழுதாள். பக்கத்து மேசை டேனிஷ்காரர் பதறி எழுந்து வந்தார், யாராவது இறந்துவிட்டார்களோ என்று.

செய்தி கேட்டதும் குணசேகரம் தொலைபேசியில் கூப்பிட்டார். "பாத்தியே பிள்ளை, சங்கத்தின்ர கடிதம் எப்பிடி வேலை செய்திட்டுது!" கயல் பற்களைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதே மூச்சில், இனி சனிக்கிழமை பள்ளிக்கு வரமாட்டேன் என்றாள்.

"ஐயோ, அப்ப பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"கிரி பார்ப்பாரு."

அவனிடம் அவள் இன்னும் கேட்டிருக்கவில்லை. சொன்னபோது அவன் மறுக்கவில்லை. மறுக்க அவனுக்கு வழியும் இல்லை. அவனுடைய விண்ணப்பத்துக்கும் நிர்வாகத்தில் ஒரு வருடம் வேண்டுமென்றால் ஒரு வருடம் போயாக வேண்டும்.

நவம்பர் முதல் சனிக்கிழமை மழை சாய்வாக அடித்தது. எட்டரைக்குக் கிரி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, சாரங்கியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினான். கயல் கட்டிலை விட்டு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஓகூஸில் ஒரு நேர்முகம் இருந்தது. அதற்குப் படிக்க வேண்டியவற்றைப் பக்கத்தில் வைத்திருந்தாள், படிக்கவில்லை. ஒன்பதே காலுக்குத் தொலைபேசி அடித்தது. பின்னால் பதினான்கு பிள்ளைகளின் கூச்சல்.

"கயல், ஹீட்டர் எங்க ஆன் பண்றது? இங்க எல்லாம் உறைஞ்சு போய் நிக்குதுங்க. அப்புறம் இந்தப் பெரிய பசங்களுக்கு எந்தப் பாடம்? ஒருத்தன் மேசை மேல ஏறிட்டான்."

கயல் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.

"தலைவர்கிட்ட கேளு," என்றாள். "மூணு வருஷமா நீதான் பொறுப்புன்னு எழுதினவரு. எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. மேசை மேல் ஏறியவன் யாரென்று அவளுக்குத் தெரியும், அவனை எப்படி இறக்குவதென்றும் தெரியும். சொல்லவில்லை.